புரட்சித் திருநாளும் முகமது நஜீபும்

ஆண்டுதோறும் ஜூலை 23ஆம் நாளை எகிப்து தன் தேசியத் திருநாளாகக் கொண்டாடுகிறது. அரசு அலுவலகங்களுக்கு விடுமுறை விடப்படும். நாட்டின் தலைவர் மக்களுக்கு உரையாற்றுவார். 1952ஆம் ஆண்டு முடியாட்சியை வீழ்த்திய இராணுவ அதிகாரிகளின் துணிவு நினைவுகூரப்படும். அந்நாளைச் சொன்ன மாத்திரத்தில் உலகத்தார் நினைவுக்கு வருபவர் கமால் அப்துல் நாசர். சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கியவர், அணிசேரா நாடுகளின் முன்னணித் தலைவர்களுள் ஒருவர், அரபு மக்களின் தன்மான உணர்வைத் தட்டி எழுப்பியவர் என்ற வகையில் அவர் பெயர் அத்திருநாளோடு பிரிக்கவொண்ணாதபடி இணைந்துவிட்டது.

ஆயினும் அந்த 1952 ஜூலை 23ஆம் நாள் காலையில் எகிப்திய மக்கள் வானொலி வழியே கேட்ட பெயர் நாசருடையதன்று. புரட்சியின் முதல் அறிக்கை ஜெனரல் முகமது நஜீப் என்பவரின் பெயரால் வெளியிடப்பட்டது. அடுத்த ஆண்டு குடியரசு மலர்ந்தபோது அதன் முதல் தலைவராகப் பொறுப்பேற்றவரும் அவரே. அரியணை இறங்கிய அரசரைக் கப்பலில் நின்று வழியனுப்பியவரும் அவரே. இத்தனை முதன்மைகள் பெற்ற ஒருவரை ஏறத்தாழப் பதினேழு ஆண்டுகள் ஒரு வீட்டுக்குள் பூட்டிவைத்து, பாடநூல்களிலிருந்தும் அவர் பெயரை அகற்றியது அதே புரட்சி. ஒரு நாட்டின் திருநாள் யாரை நினைக்கிறது, யாரை மறக்கிறது என்பதற்கு நஜீபின் வாழ்க்கையைப் போல் பொருத்தமான சான்று வேறொன்றைக் காண்பது அரிது.

இளமையும் கல்வியும்

நஜீப் பிறந்தது எகிப்தில் அன்று, சூடானில். 1901ஆம் ஆண்டு கார்ட்டூம் நகரில் அவர் பிறந்தார். தந்தை யூசுப் நஜீப் சூடானில் பணியாற்றிய எகிப்திய இராணுவ அதிகாரி. அக்காலத்தில் சூடான் பெயரளவில் எகிப்தும் பிரிட்டனும் கூட்டாக ஆண்ட நாடு. உண்மை அதிகாரமோ ஆங்கிலேயர் கையில் இருந்தது. எகிப்திலும் நிலைமை பெரிதும் வேறன்று. 1882ஆம் ஆண்டு முதல் ஆங்கிலேயப் படை அங்கே தங்கியிருந்தது. அரசர் இருந்தார், அமைச்சரவை இருந்தது, பிற்காலத்தில் நாடாளுமன்றமும் இருந்தது. ஆனால் இறுதிச் சொல் ஆங்கிலத் தூதரின் சொல்லாகவே இருந்தது.

நஜீப் கார்ட்டூமில் கார்டன் நினைவுக் கல்லூரியில் பயின்றார். எகிப்தை ஆள்பவர்கள் ஆங்கிலேயரே என்னும் பொருள்பட ஆசிரியர் ஒருவர் சொல்லி எழுதச் செய்தபோது, மாணவராயிருந்த நஜீப் எழுந்து மறுத்தார் என்றும், அதற்காகக் கசையடி பெற்றார் என்றும் அவருடைய நினைவுக் குறிப்புகள் கூறுகின்றன. தந்தையார் அவர் சிறுவராயிருந்தபோதே மறைந்தார். குடும்பப் பொறுப்பு தோளில் விழுந்த நிலையில் இளைஞர் நஜீப் கெய்ரோ சென்று இராணுவக் கல்லூரியில் சேர்ந்து, 1918இல் அதிகாரியாக வெளிவந்தார்.

படைவீரர்கள் பலர் போல அவர் பயிற்சித் திடலோடு நின்றுவிடவில்லை. பணியில் இருந்துகொண்டே சட்டம் பயின்று 1927இல் பட்டம் பெற்றார். எகிப்திய இராணுவத்தில் சட்டப் பட்டம் பெற்ற முதல் அதிகாரி அவரே என்பர். அதன்பின் அரசியல் பொருளாதாரத்திலும் சிவில் சட்டத்திலும் மேற்படிப்பு முடித்தார். ஆங்கிலம், பிரெஞ்சு உள்ளிட்ட ஐரோப்பிய மொழிகளைக் கற்றார். வாளையும் சட்ட நூலையும் ஒரே மேசையில் வைத்துப் பழகிய இந்தப் பயிற்சிதான் பின்னாளில் அவருக்கும் இளைய அதிகாரிகளுக்கும் இடையே பெரும் பிளவை உண்டாக்கியது எனலாம். படை நாட்டைக் காக்கலாம், ஆள்வது சட்டத்தின் வேலை என்பது அவர் உள்ளத்தில் ஊறிப்போன கருத்து.

படைமுகாம் வாழ்க்கை

1942 பிப்ரவரி 4ஆம் நாள் எகிப்திய அதிகாரிகளின் நெஞ்சில் ஆறாத புண்ணை உண்டாக்கிய நாள். இரண்டாம் உலகப் போர் உச்சத்தில் இருந்த வேளை. தாங்கள் விரும்பும் நகாஸ் பாஷாவைப் பிரதமராக்க வேண்டும் என்று கேட்ட ஆங்கிலேயர், பீரங்கி வண்டிகளைக் கொண்டு கெய்ரோவின் அப்தீன் அரண்மனையை வளைத்தனர். ஆங்கிலத் தூதர் நேரே உள்ளே சென்று அரசர் பாரூக்கைப் பணியவைத்தார். தம் அரசரைக் காக்க இயலாத படையில் சீருடை அணிந்து நிற்பது இழிவு என்று கருதிய நஜீப், பதவி விலகல் கடிதத்தை அரசருக்கு அனுப்பினார். அரசர் அதனை ஏற்கவில்லை. எந்த அரசருக்காக நஜீப் அன்று பதவியைத் துறக்க முன்வந்தாரோ, அதே அரசரைப் பத்தாண்டுகளுக்குப் பின் அவரே நாட்டை விட்டு அனுப்பிவைக்க நேர்ந்தது காலத்தின் கோலம்.

1948இல் பாலஸ்தீனப் போர் மூண்டது. எகிப்தியப் படை போதிய ஆயத்தமின்றிக் களத்துக்கு அனுப்பப்பட்டது. பழுதான ஆயுதங்கள் வாங்கப்பட்டதில் அரண்மனையைச் சார்ந்தவர்கள் ஆதாயம் அடைந்தனர் என்ற குற்றச்சாட்டு பின்னர் நாட்டை உலுக்கியது. மூத்த அதிகாரிகள் பலர் பின்னணியில் பாதுகாப்பாக இருந்த அப்போரில் நஜீப் முன்வரிசையில் நின்றார், பலமுறை காயமுற்றார், கடைசிக் காயம் உயிருக்கே ஆபத்தாக அமைந்தது. வீரத்துக்கான உயரிய விருதும் அவருக்குக் கிடைத்தது. ஆனால் அவர் அக்களத்திலிருந்து கொண்டுவந்த செல்வம் வேறு. தோல்வியின் காரணத்தைத் தேடிக் கொதித்துக்கொண்டிருந்த இளைய அதிகாரிகளின் மதிப்பு அவருக்குக் கிட்டியது.

அந்த இளைஞர்களுள் ஒருவர் அப்துல் ஹக்கீம் ஆமிர். நஜீபின் கீழ்ப் பணியாற்றிய அவர், தம் உற்ற நண்பர் நாசரிடம் நஜீபைப் பற்றி எடுத்துரைத்தார். நாசர் அப்போது சுதந்திர அதிகாரிகள் என்னும் மறைமுக அமைப்பை உருவாக்கிக்கொண்டிருந்தார். அதில் இருந்தவர்கள் பெரும்பாலும் முப்பது வயதை ஒட்டியவர்கள். மேஜர், கர்னல் நிலையில் உள்ளவர்கள். நாட்டு மக்களுக்கு அறிமுகம் இல்லாதவர்கள். மக்களும் படையும் ஒருங்கே நம்பக்கூடிய மூத்தவர் ஒருவர் அவர்களுக்குத் தேவைப்பட்டார். போர்க்காயங்களும் நேர்மையான பெயரும் உடைய நஜீப் அத்தேவைக்கு ஏற்றவராக அமைந்தார்.

1952ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கெய்ரோ இராணுவ அதிகாரிகள் மன்றத்துக்கு நடைபெற்ற தேர்தல் ஒரு முன்னோட்டமாக அமைந்தது. அரண்மனையின் விருப்பத்துக்கு மாறாக நஜீப் பெருவாரியான வாக்குகளால் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அம்மாதமே, ஜனவரி 25இல், இஸ்மாயிலியா நகரில் எகிப்தியக் காவலர்கள் பலரை ஆங்கிலேயப் படை சுட்டுக் கொன்றது. மறுநாள் கெய்ரோ நகரின் நடுப்பகுதி தீக்கிரையாயிற்று. அதன்பின் ஆறு மாதங்களில் அமைச்சரவைகள் மாறி மாறி விழுந்தன. ஜூலை நடுவில் அதிகாரிகள் மன்றத்தின் நிர்வாகக் குழுவை அரசர் கலைத்தார். மறைவில் இருந்தவர்கள் இனித் தாமதிக்கலாகாது என்று முடிவு செய்தனர்.

ஜூலை இரவு

ஜூலை 22ஆம் நாள் இரவு புரட்சி தொடங்கியபோது நஜீப் தம் வீட்டிலேயே இருந்தார். அவர் கண்காணிக்கப்பட்டதால் வெளியே வரலாகாது என்பது ஏற்பாடு. திட்டத்தை வகுத்தவர் நாசர். குறித்த நேரத்துக்கு முன்னதாகவே தவறுதலாகப் படையுடன் புறப்பட்டுவிட்ட யூசுப் சித்தீக் என்ற அதிகாரி, அத்தவறாலேயே புரட்சியைக் காப்பாற்றினார். செய்தி அரண்மனைக்கு எட்டித் தளபதிகள் தலைமையகத்தில் கூடிய வேளையில் அவர் அதனைக் கைப்பற்றி அவர்களைச் சிறைப்படுத்தினார். உள்துறை அமைச்சர் நஜீபைத் தொலைபேசியில் அழைத்து, இளைஞர்களைத் தடுத்து நிறுத்துமாறு வேண்டினார். நஜீப் ஏதும் அறியாதவர் போல் விடையளித்தார். பிறகு தலைமையகத்திலிருந்து அழைப்பு வந்ததும் அங்கே சென்று பொறுப்பேற்றார். காலையில் அன்வர் சாதாத் வானொலி நிலையத்தில் அறிக்கையைப் படித்தபோது அதன் கீழிருந்த பெயர் நஜீபுடையது.

மூன்றாம் நாள், ஜூலை 26இல், அலெக்சாந்திரியாவின் ராஸ் எல்தீன் அரண்மனையில் அரசர் பாரூக் கைக்குழந்தையான தம் மகனுக்கு முடியைத் துறந்து கையொப்பமிட்டார். அரசரை என்ன செய்வது என்பது குறித்து அதிகாரிகளிடையே கருத்து வேற்றுமை இருந்தது. விசாரித்துத் தண்டிக்க வேண்டும் என்றனர் சிலர். உயிருடன் வெளியேற்றிவிடுவது என்ற முடிவே வென்றது. நஜீபும் அதன் பக்கமே நின்றார். மாலை ஆறு மணிக்கு மஹ்ரூசா என்னும் அரச மரக்கலம் புறப்பட்டது. இருபத்தொரு குண்டுகள் முழங்கின. தெருக்களில் கூடிய மக்கள் வெள்ளத்தால் நஜீப் வந்துசேரத் தாமதமாயிற்று. அவர் விசைப்படகில் ஏறிக் கடலுக்குச் சென்று, கப்பலில் அரசரைக் கண்டு வணக்கம் செலுத்தி விடைகொடுத்தார். நூற்றைம்பது ஆண்டுகளாக எகிப்தை ஆண்ட முகமது அலி மரபின் ஆட்சி இவ்வாறு குருதி சிந்தாமல் முடிவுற்றது. புரட்சிகளின் வரலாற்றில் இத்தகைய வழியனுப்பு விழாக்கள் மிகுதியாக இல்லை.

புகழின் உச்சி

அடுத்த சில மாதங்கள் நஜீபின் வாழ்வில் பொற்காலம். பாஷா, பே முதலிய பட்டங்கள் ஒழிக்கப்பட்டன. செப்டம்பரில் அவர் பிரதமரானார். 1952 செப்டம்பர் 9ஆம் நாள் நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. ஒருவர் 200 பெத்தான் நிலத்துக்கு மேல் வைத்திருக்கலாகாது என்பது அதன் அடிப்படை. ஒரு பெத்தான் ஓர் ஏக்கரைவிடச் சற்றே பெரியது. மிகுதி நிலம் உழவர்க்குச் சிறு சிறு பங்குகளாக வழங்கப்பட ஏற்பாடாயிற்று. நைல் நதிக்கரையில் தலைமுறை தலைமுறையாகப் பிறர் நிலத்தில் உழைத்துத் தேய்ந்த பெல்லாகீன் என்னும் உழவர் மக்களுக்கு அச்சட்டம் பெரும் நம்பிக்கையை ஊட்டியது.

நஜீப் ஊர் ஊராகச் சென்றார். வாயில் புகைக்குழாய், முகத்தில் புன்னகை, எளிய சீருடை ஆகியவற்றோடு மக்கள் கூட்டத்தினிடையே அவர் நடந்தார். முஸ்லிம், கிறித்தவர் என்ற வேறுபாடின்றிப் பழகினார். யூதர்களின் நோன்பு நாளில் அவர்தம் தொழுகைக்கூடத்துக்கும் சென்றுவந்தார். சூடானில் பிறந்தவர் என்பதால் தெற்கத்திய மக்கள் அவரைத் தம்மவராகக் கருதினர். சூடான் சிக்கலைத் தீர்ப்பதிலும் அவருடைய பங்கு பெரிது. சூடான் தன் எதிர்காலத்தைத் தானே முடிவு செய்துகொள்ளலாம் என்பதை எகிப்து ஏற்கும் ஒப்பந்தம் 1953 பிப்ரவரி 12இல் கையெழுத்தாயிற்று. சூடானையும் தன் முடிக்குள் அடக்கி உரிமை கொண்டாடிய பாரூக்கின் ஆட்சியில் எண்ணிப் பார்க்கவும் இயலாத செயல் இது. நைல் நாடுகள் இரண்டும் தாமே விரும்பி ஒன்றாகும் என்பது நஜீபின் கனவு. அது நிறைவேறவில்லை. 1956 ஜனவரி முதல் நாள் சூடான் தனி நாடாயிற்று.

1953 ஜூன் 18ஆம் நாள் எகிப்து குடியரசாக அறிவிக்கப்பட்டது. முதல் குடியரசுத் தலைவர் பதவியும் பிரதமர் பதவியும் நஜீபை அடைந்தன. அதே நாளில் நடந்த மற்றொரு மாற்றம் பலர் கண்ணுக்குப் புலப்படவில்லை. மேஜர் நிலையில் இருந்த அப்துல் ஹக்கீம் ஆமிர் இடைப்பட்ட படிகள் யாவற்றையும் தாண்டி மேஜர் ஜெனரலாக உயர்த்தப்பட்டு முப்படைத் தலைவராக்கப்பட்டார். நஜீப் இதனை எதிர்த்தார். பணி மூப்பும் ஒழுங்கும் குலைந்த படை படையாகாது என்பது அவர் வாதம். இறுதியில் இணங்கினார். நாட்டின் தலைமை அவரிடம் வந்த அதே நாளில் படையின் தலைமை அவர் கையை விட்டுப் போயிற்று.

கறை படிந்த பக்கங்கள்

நஜீபை மாசற்ற மக்களாட்சிவாதியாகக் காட்டுவது உண்மைக்குப் பொருந்தாது. 1952 ஆகஸ்டில் அலெக்சாந்திரியாவுக்கு அருகிலுள்ள கபர் அல்தவ்வார் என்னும் ஊரில் நெசவாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். கலவரம் மூண்டது. இராணுவ நீதிமன்றம் அவசர அவசரமாக விசாரித்து, முஸ்தபா கமீஸ், முகமது அல்பக்கரீ என்னும் இரு தொழிலாளர்களுக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. நஜீப் கமீஸை அழைத்துப் பேசினார். பின்னணியில் இருப்பவர்களைச் சொன்னால் தண்டனையைக் குறைக்கலாம் என்றார். சொல்வதற்கு எவருமில்லை என்று கமீஸ் உறுதியாக நின்றார். நஜீப் தண்டனையை உறுதி செய்தார். செப்டம்பர் 7ஆம் நாள் இருவரும் தூக்கிலிடப்பட்டனர். சட்டம் பயின்றவர் கையெழுத்தால் நிகழ்ந்த இக்கொடுமை அவர் வாழ்வில் அழியாத கறை. இரண்டே நாட்களில் நிலச் சட்டம் வந்தது. உழவனுக்கு நிலம் தந்த ஆட்சியே தொழிலாளிக்குத் தூக்குக் கயிற்றைத் தந்தது.

1923ஆம் ஆண்டின் அரசியல் சட்டம் 1952 டிசம்பரில் ஒழிக்கப்பட்டதும், 1953 ஜனவரியில் கட்சிகள் யாவும் கலைக்கப்பட்டதும் நஜீப் தலைமையில்தான். தற்காலிக ஏற்பாடு என்றே அவர் இவற்றைக் கருதினார். ஆனால் தற்காலிகம் என்று திறக்கப்பட்ட கதவு எளிதில் மூடப்படுவதில்லை. பிறர்மீது பாய்ந்த அதே அதிகாரம் தம்மீது திரும்பியபோது அவரைக் காப்பதற்கு அரசியல் சட்டமும் இல்லை, நாடாளுமன்றமும் இல்லை.

மார்ச் நெருக்கடி

புரட்சிக் குழுவில் பன்னிரண்டு பேருக்கு மேல் இருந்தனர். எல்லா முடிவுகளும் வாக்கெடுப்பால் அமைந்தன. நஜீபுக்கும் ஒரு வாக்கே. ஐம்பதைக் கடந்த அவர் மட்டும் ஒருபுறம். முப்பதுகளில் இருந்த மற்றவர் மறுபுறம். தாம் எதிர்த்து வாக்களித்த முடிவுகளும் தம் பெயரால் வெளிவருவதைக் கண்டு அவர் மனம் நொந்தார். படை தன் வேலையை முடித்துவிட்டது, இனி முகாமுக்குத் திரும்பி மக்களாட்சிக்கு வழிவிட வேண்டும் என்று வற்புறுத்தினார். நாசரின் எண்ணமோ வேறு. பழைய கட்சிகள் திரும்பினால் நிலவுடைமையாளரும் அரண்மனைக் கூட்டமும் திரும்புவர். உழவனுக்குத் தந்த நிலம் பறிபோகும் என்று அவர் கருதினார். இருவர் வாதத்திலும் உண்மை இருந்தது என்பதே அந்நெருக்கடியின் அவலம்.

1954 பிப்ரவரியில் நஜீப் பதவி விலகல் கடிதம் கொடுத்தார். 25ஆம் நாள் புரட்சிக் குழு அதனை ஏற்றதாக அறிவித்தது. ஆனால் எதிர்பாராத இருவகை எழுச்சி மூண்டது. காலித் முகைதீனைச் சார்ந்த குதிரைப்படை அதிகாரிகள் நஜீபைத் திரும்ப அழைக்கக் கோரினர். தெருக்களில் மக்கள் வெள்ளமெனத் திரண்டனர். இரண்டே நாட்களில் நஜீப் மீண்டும் தலைவரானார். அப்தீன் சதுக்கத்தில் கூடிய பெருங்கூட்டம் அவரை வாழ்த்தியது. வெற்றி அவருடையதெனத் தோன்றியது. மார்ச் முதல் நாள் அவர் சூடான் நாடாளுமன்றத் திறப்புக்குக் கார்ட்டூம் சென்றார். பிறந்த மண்ணிலோ எகிப்துடன் இணைவதை எதிர்த்தவர்களின் கலவரம் அவரை எதிர்கொண்டது, பலர் உயிரிழந்தனர். விழாவே தள்ளிவைக்கப்பட்டது.

மார்ச் திங்கள் முழுவதும் இழுபறி நீடித்தது. 5ஆம் நாள் அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்தல் நடத்துவது என்று முடிவாயிற்று. பத்திரிகைத் தணிக்கை நீங்கியது. 25ஆம் நாள் கட்சிகளை அனுமதிப்பது என்றும், ஜூலையில் புரட்சிக் குழுவே கலைந்துவிடுவது என்றும் அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு வந்ததோ இல்லையோ, கெய்ரோவில் போக்குவரத்துத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியது. புரட்சி தொடர வேண்டும், கட்சிகள் வேண்டா, தேர்தல் வேண்டா என்பன அவர்களின் முழக்கங்கள். அவ்வேலைநிறுத்தத்தின் பின்னே பணம் கைமாறியது என்பதைப் புரட்சிக் குழுவைச் சேர்ந்த காலித் முகைதீனே பின்னாளில் எழுதிவைத்தார். மார்ச் 29ஆம் நாள் முந்தைய முடிவுகள் கைவிடப்பட்டன. அன்றே ஒரு கூட்டம் அரசுப் பேரவை என்னும் உயர் நீதிமன்றத்துக்குள் புகுந்து, அரபுலகின் தலைசிறந்த சட்ட அறிஞரான அப்துல் ரசாக் அல்சன்ஹூரியை அடித்துக் காயப்படுத்தியது. நஜீப் போற்றிய சட்டத்தின் ஆட்சி அந்த அறையிலேயே வீழ்ந்தது எனலாம்.

ஏப்ரலில் நாசர் பிரதமரானார். நஜீபிடம் பெயரளவிலான தலைமை மட்டும் எஞ்சியது. அக்டோபர் 19இல் ஆங்கிலேயப் படைகள் வெளியேறும் ஒப்பந்தத்தில் நாசர் கையெழுத்திட்டார். ஒரு வாரத்தில் அலெக்சாந்திரியாவின் மன்ஷியா சதுக்கத்தில் நாசர்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. அவர் உயிர்தப்பினார். முஸ்லிம் சகோதரத்துவ இயக்கத்தின்மீது பழி விழுந்தது. அவ்வியக்கத்தோடு தொடர்பு உடையவர் என்ற குற்றச்சாட்டு நஜீபின்மீதும் சுமத்தப்பட்டது. நீதிமன்றத்தில் அவர் நிறுத்தப்படவே இல்லை. நவம்பர் 14ஆம் நாள் அப்தீன் அரண்மனைக்கு வந்து அவரை அழைத்துச் சென்ற இருவருள் ஒருவர், பாலஸ்தீனக் களத்தில் அவர் கீழ்ப் பணியாற்றிய அதே அப்துல் ஹக்கீம் ஆமிர்.

மர்ஜ் வீட்டின் ஆண்டுகள்

கெய்ரோவின் வடகிழக்கு ஓரத்தில் மர்ஜ் என்னும் பகுதியில் ஒரு மாளிகை. நகாஸ் பாஷாவின் மனைவி சைனப் அல்வக்கீலிடமிருந்து பறிமுதல் செய்யப்பட்டது அது. சில நாட்கள் தங்கியிருக்கலாம் என்று சொல்லி நஜீபை அங்கே கொண்டுசேர்த்தனர். அந்தச் சில நாட்கள் 1971 வரை நீண்டன.

வாயிலில் காவலர், வருவோர் போவோர்க்குத் தடை. நகாஸ் பாஷாவின் கட்சியைக் கலைத்தவர் அவர் வீட்டிலேயே கைதியானார். பூனைகளும் நாய்களும் அவருக்குத் துணையாயின. நூல்களைப் படித்தார், மொழிகளைக் கற்றார், தொழுதார். 1956 அக்டோபரில் பிரிட்டன், பிரான்சு, இஸ்ரேல் மூன்றும் எகிப்தின்மீது படையெடுத்தபோது, தம்மைச் சாதாரணப் படைவீரனாகக் களத்துக்கு அனுப்புமாறு நஜீப் வேண்டிக்கொண்டார். விடை வரவில்லை. மாறாக, படையெடுத்தவர்கள் அவரை மீண்டும் ஆட்சியில் அமர்த்தக்கூடும் என்ற ஐயத்தால் அவரைத் தென் எகிப்துக்குக் கொண்டுபோய்ச் சில வாரங்கள் மறைத்துவைத்தனர். நாட்டுக்காகக் குருதி சிந்திய முதியவருக்கு இதனினும் பெரிய துன்பம் வேறு இருந்திருக்க முடியாது.

வெளியே நாடு மாறிக்கொண்டிருந்தது. கால்வாய் எகிப்தின் உடைமையாயிற்று. அசுவான் பேரணை எழுந்தது. ஏழை வீட்டுப் பிள்ளைகள் பல்கலைக்கழகம் சென்றனர். நாசரின் இச்சாதனைகளை எவரும் மறுப்பதற்கில்லை. ஆனால் அவற்றின் நடுவே, ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 23 வந்தபோது, மேடையில் ஒலித்த வரலாற்றில் நஜீப் இல்லை. பாடநூல்களில் குடியரசின் முதல் தலைவர் என்ற இடத்தில் நாசரே இருந்தார். ஒரு தலைமுறை மாணவர்கள் நஜீப் என்றொருவர் வாழ்ந்ததையே அறியாமல் வளர்ந்தனர்.

1967 ஜூனில் ஆறே நாளில் எகிப்தியப் படை நிலைகுலைந்தது. பணி மூப்பு பாராமல் உயர்த்தப்பட்ட ஆமிர் அத்தோல்வியின் பழியைச் சுமந்து செப்டம்பரில் மாண்டார். நஜீப் 1953இல் எழுப்பிய எச்சரிக்கைக்குக் காலம் கொடிய முறையில் விடை தந்தது. மறு ஆண்டு நஜீபின் மகன் அலி ஜெர்மனியில் இறந்தார். 1970 செப்டம்பர் 28இல் நாசர் மறைந்தார். அடுத்த ஆண்டு அன்வர் சாதாத் காவலை நீக்கினார். விடுதலை பெற்றபோது நஜீபுக்கு வயது எழுபது.

மறைவும் மீட்பும்

விடுதலைக்குப் பின்னும் அவர் அரசியல் அரங்குக்குத் திரும்பவில்லை. முதுமையும் நோயும் அவரைச் சூழ்ந்தன. தம் தரப்பு வரலாற்றைச் சொல்லிவிட வேண்டும் என்பதே அவர் எஞ்சிய வாழ்வின் நோக்கமாயிற்று. நான் எகிப்தின் தலைவனாயிருந்தேன் என்னும் பொருள்படும் தலைப்பில் அவருடைய நினைவு நூல் 1984இல் வெளிவந்தது. மறதிக்கு எதிரான முறையீடாகவே அத்தலைப்பு அமைந்தது. சினத்தோடும் கசப்போடும் எழுதப்பட்ட இடங்கள் அதில் உண்டு. கமீஸின் தூக்கும் அதில் இடம்பெற்றிருக்கிறது. அவ்வாண்டே ஆகஸ்டு 28ஆம் நாள் கெய்ரோவில் அவர் உயிர்நீத்தார். இராணுவ மரியாதையுடன் நடைபெற்ற இறுதி ஊர்வலத்தில் குடியரசுத் தலைவர் ஹொஸ்னி முபாரக் கலந்துகொண்டார்.

இறந்தபின் அவர் பெயர் மெல்ல மெல்லத் திரும்பியது. கெய்ரோ சுரங்க ரயிலின் இரண்டாம் பாதையில் ஒரு நிலையம் நஜீபின் பெயரைத் தாங்கியது. அடுத்த நிலையத்துக்குப் பெயர் சாதாத். அதே நகரின் மற்றொரு நிலையத்துக்குப் பெயர் நாசர். உயிரோடிருந்தபோது ஒரே அறையில் அமர இயலாமற் போனவர்களின் பெயர்களைப் பயணிகள் அடுத்தடுத்து உச்சரித்துச் செல்கின்றனர். 2013இல் எகிப்தின் மிக உயரிய நைல் விருது அவருக்கு வழங்கப்பட்டது. 2017 ஜூலை 22இல், புரட்சித் திருநாளுக்கு முந்திய நாளில், அலெக்சாந்திரியாவுக்கு மேற்கே அமைந்த மாபெரும் இராணுவத் தளம் முகமது நஜீபின் பெயரால் திறக்கப்பட்டது.

இந்தச் சிறப்புகள் காலம் தாழ்ந்து செலுத்தப்பட்ட கடன். ஆனால் கடன் முழுதும் தீர்ந்துவிடவில்லை. படை முகாமுக்குத் திரும்ப வேண்டும் என்று சொன்னதற்காகவே பதவியையும் விடுதலையையும் இழந்தவரின் பெயர் ஒரு படைமுகாமின் வாயிலில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அவர் பெயர் மீட்கப்பட்டது. அவர் வழக்கு இன்னும் கேட்கப்படவில்லை. 2011 ஜனவரி 25இல் கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்கத்தில் திரண்ட மக்கள் கேட்டதும் ஏறத்தாழ 1954 மார்ச்சில் கேட்கப்பட்டு மறுக்கப்பட்ட அதுவே. அந்நாளும் இப்போது எகிப்தில் விடுமுறை நாளாக இருக்கிறது.

நஜீப் பெருந்தலைவர் அல்லர். கூட்டத்தைக் கட்டியாளும் சூழ்ச்சித் திறம் அவரிடம் இல்லை. வென்றுவிட்டதாக எண்ணிய வேளையில் அயர்ந்தார். கையெழுத்திடக் கூடாத தாளில் கையெழுத்திட்டார். எனினும் அதிகாரத்தின் சுவை கண்டபின்னும் அதனை மக்களிடம் திருப்பித் தர விரும்பியவர்கள் உலகில் சிலரே. அச்சிலருள் அவர் ஒருவர். ஜூலை 23 எகிப்து மக்களின் திருநாளாக நிலைத்திருக்கும் வரையில், அந்நாளின் முதற்பெயர் எது என்ற வினாவும் அதனுடன் சேர்ந்தே நிலைத்திருக்கும்.